லினன் சரக்கு வாங்குமுன்... விற்குமுன்...

ஆளி விதை இல்லாத மளிகைக் கடை இன்று அபூர்வம். இருபது ஆண்டுகளுக்கு முன் அதைக் கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் நாட்டு மருந்துக்காக வந்தவர்கள். இப்போது டாக்டர் சொன்னார், டி.வி.யில் சொன்னார்கள் என்று கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்கிப் போகிறார்கள். வடக்கேயிருந்து வரும் பில்லில் 'அல்சி' என்று போட்டிருப்பதும் இதுதான். இந்த விதையைத் தரும் அதே இனச் செடியின் தண்டில் நார் எடுத்து நெய்வதுதான் லினன் துணி என்றால் மளிகைக்காரர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். எங்கள் ஜவுளிக்காரர்களிலும் பலருக்கு இது தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் முப்பது வருடமாக ஜவுளிக் கடை நடத்துகிறவன். சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது மளிகை நண்பர் ஒருவர் கேட்டார். அவர் மகன் கடையில் ஒரு பக்கத்தை ஒதுக்கி ரெடிமேட் சட்டை, வேட்டி போடப் போகிறானாம். "லினன் சட்டைல நல்லா லாபம் நிக்கும்னு சொல்றாங்களே அண்ணாச்சி, உண்மையா?" என்றார். லாபம் நிற்கும். சரக்கைப் பற்றித் தெரியாமல் இறங்கினால் முதலும் நிற்காது, வாடிக்கையாளரும் நிற்கமாட்டார். அன்று அவரிடம் நின்றுகொண்டே பத்து நிமிடம் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். துணி விற்காத வணிகர்களும் துணி உடுத்துகிறவர்கள்தானே, அவர்களுக்கும் பயன்படும்.

விதைக்கு ஒரு ரகம், நாருக்கு ஒரு ரகம்

நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், உத்தரப் பிரதேசம் பக்கங்களில் விளையும் ஆளி பெரும்பாலும் விதைக்காகவே பயிரிடப்படுகிறது. செடி குட்டையாக இருக்கும், பக்கக் கிளை விடும். துணிக்கான ரகம் வேறு. நெருக்கமாக விதைப்பார்கள். கிளை விடாமல் ஒரு மீட்டர் உயரம் வரை நேராக வளரும். இதற்குக் குளிர்ந்த காற்றும் அடிக்கடி தூறலும் வேண்டும். பிரான்சின் வடமேற்குக் கடலோரம், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய பகுதிகள் இதற்கு வாய்ப்பாக அமைந்திருக்கின்றன. உலகில் நாருக்காக விளையும் ஆளியில் பெரும்பங்கு பிரான்சுடையது. மார்ச், ஏப்ரலில் விதைத்தால் சுமார் நூறு நாளில் பயிர் தயார். கதிர் அறுப்பது போல் அறுக்க மாட்டார்கள். வேரோடு பிடுங்குவார்கள். தண்டு முழு நீளத்துக்கும் நார் இருப்பதால் அறுத்தால் அடிநார் வீணாகிவிடும்.

பிடுங்கிய செடியை வயலிலேயே பரப்பிவிடுகிறார்கள். பனியிலும் மழையிலும் சில வாரங்கள் கிடந்து, தண்டோடு நாரை ஒட்டவைத்திருக்கும் பசை அழுகிக் கழன்றுவிடும். நம் ஊரில் கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையை ஊறப்போடுகிறோமே, ஏறக்குறைய அதே வேலைதான். ஒரு காலத்தில் பெல்ஜியத்தின் லைஸ் ஆற்றில் கட்டுக்கட்டாக அமிழ்த்தி ஊறவைத்தார்கள். ஆறு நாறிப்போனது. பிறகு அந்த முறை நின்றுவிட்டது.

சணலும் இதே போல் தண்டு நார்தான். ஆனால் சணல் செடி வேறு, ஆளிச் செடி வேறு. "லினன் என்றால் சணல் துணியா?" என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு 'ஆமாம்' என்று சொல்லி வைக்காதீர்கள்.

விதையைப் பற்றிய பேச்சு வந்ததால் ஹார்ட்வேர், பெயிண்ட் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளி எண்ணெய் துடைத்த பழந்துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், யாரும் தீக்குச்சி உரசாமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

விலை ஏன் இவ்வளவு?

காய்ந்த தண்டை நசுக்கி, சக்கையைத் தட்டி எடுத்து, பிறகு சீப்பு போன்ற கருவியில் சீவுகிறார்கள். கடைசியில் நல்ல நீள நாராகத் தேறுவது தண்டின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, பல சமயம் அதற்கும் குறைவு. மீதி குட்டை நாராகவும் சக்கையாகவும் போய்விடும். மெல்லிய சட்டைத் துணிக்கு நீள நார்தான் வேண்டும். குட்டை நாரில் நூற்ற நூல் முரடாக இருக்கும், திரைச்சீலைக்கும் கனத்த துணிக்கும் போகும். நீள நாரையும் சும்மா நூற்க முடியாது. வெந்நீர்த் தொட்டி வழியாக இழுத்து, மீதிப் பசையை இளக்கி நூற்கிறார்கள். இந்த முறைக்கு வழி காட்டியவர் 1825-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கே என்பவர். அதன் பிறகுதான் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரம் லினன் ஆலைகளால் நிரம்பியது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி வரத்து நின்றபோது அந்த ஊர் வியாபாரிகள் நன்றாகச் சம்பாதித்தார்கள்.

நம் நாட்டில் மேற்கு வங்கத்தின் ரிஷ்ராவிலுள்ள ஜெயஸ்ரீ ஆலை போன்றவை ஐரோப்பிய நாரை இறக்குமதி செய்து நூற்கின்றன. சீனா இன்னும் பெரிய அளவில் வாங்குகிறது. ஆக, பிரான்சில் ஒரு பருவம் மழை தவறினால் நம் ஊர் கவுண்டரில் விலை ஏறும். 2022, 2023 ஆண்டுகளில் அங்கே விளைச்சல் குறைந்து நார் விலை ஏறியதை ஜவுளிக்காரர்கள் நேரில் அனுபவித்தோம். விலை ஏறும் நேரத்தில்தான் கலப்படச் சரக்கும் அதிகம் நடமாடும் என்பது மிளகு, மஞ்சள் விற்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொடுத்த காசுக்குத் துணியில் என்ன இருக்கிறது? முதலாவது, ஈரத்தை இழுப்பது. சோதனைச் சாலைக் கணக்கில் நூறு கிராம் உலர்ந்த லினன் காற்றிலிருந்து சுமார் 12 கிராம் ஈரத்தை வாங்கும். பருத்தி சுமார் எட்டரை கிராம். வியர்வையை இழுத்துச் சீக்கிரம் காற்றில் விட்டுவிடுவதால் வெயில் காலத்தில் உடம்பில் ஒட்டாது. இரண்டாவது, உறுதி. லினன் பருத்தியைவிட வலுவானது, நனைந்தால் இன்னும் வலுக்கூடும். துவைக்கத் துவைக்க மெதுவாகும். எகிப்தில் பிணங்களைப் பதப்படுத்திச் சுற்றிய துணி லினன்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் அது இழையிழையாகக் கிடைத்திருக்கிறது. கை மாறி மாறிப் புழங்கும் அமெரிக்க டாலர் நோட்டின் தாளில் 75 பங்கு பருத்தியும் 25 பங்கு லினனும் சேர்க்கிறார்கள்.

குறையும் உண்டு. லினன் நார் நீளாது. இழுத்தால் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நீளும், அதற்கு மேல் அறுந்துவிடும். மடக்கினால் மடக்கியபடியே நிற்கும். சட்டை போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் சுருக்கம் விழுவது இதனால்தான். இந்தக் குறையை மறந்துதான் நான் நஷ்டப்பட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நூல் நம்பரில் ஏமாறாதீர்கள்

பருத்தி வியாபாரத்தில் பழகியவர்கள் 60-ஆம் நம்பர் நூல் என்றால் நல்ல மெல்லிய நூல் என்று எடுத்துக்கொள்வோம். லினனில் நம்பர் போடும் கணக்கு வேறு. அதற்கு 'லீ' என்று பெயர். ஒரு பவுண்டு எடையில் 300 கெஜக் கண்டிகள் எத்தனை இருக்கின்றன என்பது லீ. பருத்தியில் 840 கெஜக் கண்டியை வைத்து எண்ணுகிறோம். எனவே லினன் நம்பரை 2.8-ஆல் வகுத்தால்தான் பருத்தி நம்பர் கிடைக்கும். 60 லீ என்பது பருத்தியில் ஏறக்குறைய 21-ஆம் நம்பர் பருமன்தான். 25 லீ என்றால் 9. 100 லீ போனாலும் 36-ஐத் தாண்டாது.

இது தெரியாமல், "அறுபது நம்பர் என்றாயே, இவ்வளவு தடிப்பாக இருக்கிறதே" என்று நேர்மையான ஏஜெண்டோடு சண்டை போட்ட கடைக்காரரை எனக்குத் தெரியும். மறுபக்கம், நேர்மையில்லாத ஏஜெண்ட் 40-ஆம் நம்பர் பருத்திச் சரக்கைக் காட்டி, "நாற்பது லீ லினன்" என்று விலை சொல்வதும் நடக்கிறது. சில பில்களில் மெட்ரிக் நம்பர் போட்டிருக்கும். மெட்ரிக் 36 என்றால் அது 60 லீ. எந்த நம்பர் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

கடையிலேயே பார்க்கும் சோதனை

லினன் என்ற பெயரில் சந்தையில் மூன்று விதச் சரக்கு வருகிறது. ஒன்று சுத்த லினன். இரண்டாவது கலப்பு. 55 பங்கு லினன், 45 பங்கு பருத்தி என்பது பழக்கமான ஒரு கலவை. இது குறைந்த சரக்கு இல்லை. சுருக்கம் குறைவு, விலை கட்டுபடியாகும், நம் ஊருக்கு நன்றாகவே போகிறது. மூன்றாவது வகை, ஆங்காங்கே தடிப்பு விட்டு நூற்ற பருத்தி அல்லது விஸ்கோஸ். பார்வைக்கு லினன் போலவே இருக்கும், உள்ளே ஒரு இழைகூட லினன் இருக்காது. 'லினன் லுக்', 'லினன் ஃபினிஷ்' என்று பெயர் போட்டு வரும். அந்தப் பெயரிலேயே விற்றால் பாவமில்லை. கவுண்டருக்கு வரும்போது கடைசி வார்த்தை உதிர்ந்துபோவதுதான் கோளாறு.

பலரும் ஒரு இழையைக் கொளுத்திப் பார்ப்பார்கள். பாலியஸ்டர் இருந்தால் உருகிக் குண்டுமணி போல் உறையும். அதைக் கண்டுபிடிக்க இது போதும். ஆனால் லினன், பருத்தி, விஸ்கோஸ் மூன்றும் காகிதம் எரிவது போலத்தான் எரியும், சாம்பலும் ஒரே மாதிரிதான். தீக்குச்சியை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

நான் முதலில் செய்வது எச்சில் சோதனை. துணியின் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, நடுவில் நாக்கில் தொட்டு ஈரமாக்கி, இரண்டு பக்கமும் இழுப்பேன். விஸ்கோஸ் நனைந்தால் பாதி வலுவை இழந்துவிடும். ஈரம் பட்ட இடத்திலேயே சுலபமாக அறுந்து கையோடு வரும். லினன் விடாது. விரலை வெட்டுகிற மாதிரி இழுக்க வேண்டும். பருத்தியும் நனைந்தால் வலுக்கும் என்பதால் அடுத்து அறுந்த நுனியைப் பார்க்க வேண்டும். பருத்தி நார் மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும் குட்டை நார். அதனால் அறுந்த நுனி பிரஷ் போலப் பஞ்சு பஞ்சாக நிற்கும். லினன் நுனி விறைப்பாக, கூராக, ஒழுங்கில்லாமல் நீண்டு நிற்கும். முறுக்கைப் பிரித்துப் பார்த்தால் நீள நீளமான, பளபளப்பான நார் தெரியும்.

கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த துண்டில் ஒரு சொட்டுத் தெளிந்த எண்ணெய் விட்டு, மேலே நிற்பதை ஒற்றி எடுத்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பது இன்னொரு வழி. லினன் எண்ணெய்க் காகிதம் போல ஒளியை விடும், பருத்தி அவ்வளவு விடாது. பாவிலிருந்து ஒரு இழை, ஊடையிலிருந்து ஒரு இழை என இரண்டையும் சோதியுங்கள். பாவில் பருத்தியும் ஊடையில் லினனும் போட்ட சரக்கு உண்டு.

கையில் கசக்கிப் பார்ப்பதும் நல்லதுதான். கசக்கிவிட்டுத் திறந்தால் சுருக்கமே விழாத 'சுத்த லினன்' என்றால் ஏதோ ரசாயனம் ஏற்றியிருக்கிறார்கள் அல்லது அது சுத்த லினன் இல்லை. சுருக்கம் விழாமல் இருக்க ஏற்றும் பூச்சு துணியின் வலுவையும் கொஞ்சம் தின்றுவிடும்.

என் கடையில் நடந்தது

சில வருடங்களுக்கு முன் நடந்தது. நல்ல வெள்ளை லினன் ஒரு தான் எடுத்தேன். சரக்கு அசல், நானே சோதித்தது. விலை அதிகம் என்பதால் எல்லோர் கண்ணிலும் படட்டும் என்று முன்பக்கக் கண்ணாடி ஷோகேஸில், இஸ்திரி போட்டு மடிப்புக் கத்தி போல் நிற்கும்படி அடுக்கினேன். மேற்குப் பார்த்த கடை. மதியத்துக்கு மேல் வெயில் நேரே விழும். சரக்கு மெதுவாகத்தான் போயிற்று. ஒன்றரை வருடம் அதே மடிப்போடு அங்கேயே கிடந்தது.

இருபது வருடமாக என்னிடமே வாங்கும் தலைமையாசிரியர் ஒருவர், மகள் கல்யாணத்துக்குப் போட என்று அதிலிருந்து சட்டைத் துணி எடுத்தார். கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று சலவைக்குப் பிறகு முதுகில் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் விட்டுப்போயிற்று. தையற்காரர் மீது பழி போட்டிருக்கிறார்கள். அவர் சட்டையை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, தையல் எங்க இருக்கு, கிழிசல் எங்க இருக்கு, நீங்களே பாருங்க. என் பொழப்பு போயிரும்" என்றார். கிழிசல் தையலில் இல்லை. என் ஷோகேஸில் நின்ற மடிப்பில் இருந்தது. மீதித் துணியைப் பிரித்துப் பார்த்தேன். மடிப்பு ஓரம் மட்டும் லேசாகப் பழுப்பேறியிருந்தது. விரலால் இழுத்ததும் பேப்பர் போல வந்தது.

ஒரே இடத்தில் அழுத்தி மடித்து மடித்து வைத்தால் லினன் நார் அந்த இடத்தில் முறிகிறது. அதன் மேல் மாதக்கணக்கில் வெயிலும் விழுந்தால் சொல்ல வேண்டாம். தலைமையாசிரியருக்குப் பணத்தையும் தையல் கூலியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மரியாதையாக வாங்கிக்கொண்டார், காப்பியும் கொடுத்தார். அதன் பிறகு அவர் என் கடைக்கு வரவில்லை. தையற்காரர் இப்போதும் வருகிறார்.

அன்றிலிருந்து லினன் தானை மடித்து அடுக்குவதில்லை. அட்டைக் குழாயில் சுருட்டி வைக்கிறேன். ரெடிமேட் சட்டையைச் சுருட்ட முடியாது, ஹாங்கரில் தொங்கவிடலாம். அதற்கும் இடமில்லை என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, மடிப்பை நாலு விரல் தள்ளி மாற்றி மடியுங்கள். அட்டையில் தேதி எழுதி வைத்தால் கடைப் பையன்கள் மறக்க மாட்டார்கள். மடிப்பின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டக் கூடாது. வெயில் படும் இடத்தில் காட்சிக்கு வைப்பதானால் வாரம் ஒரு பீஸாக மாற்ற வேண்டும்.

கடலோர ஊர்களில் உள்ளவர்கள் பிளாஸ்டிக் உறையில் அடைத்து மாதக்கணக்கில் வைக்காதீர்கள். ஈரம் உள்ளே நின்று பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பது மேல். கஞ்சி போட்ட சரக்கை நீண்ட நாள் வைத்தால் இராமபாணப் பூச்சி கஞ்சிக்காக வந்து துணியையும் அரித்துவிடும். மளிகைக் கடையோடு சேர்த்து ஜவுளி வைப்பவர்கள் மாவு மூட்டை பக்கத்தில் துணி ரேக் போடாமலிருப்பது நல்லது.

வாங்குபவரிடம் சொல்லி அனுப்ப வேண்டியவை

மீட்டர் துணி விற்றால், தைக்கக் கொடுக்குமுன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவைக்கச் சொல்லுங்கள். முதல் நனைப்பில் துணி சுருங்கும். அளவெடுத்துத் தைத்த பிறகு சுருங்கினால் திட்டு வாங்குவது நாம்தான். துவைக்கச் சாதாரணத் தண்ணீரும் மிதமான சோப்பும் போதும். குளோரின் ப்ளீச் கூடாது. முறுக்கிப் பிழியாமல், உதறித் தொங்கவிட வேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் இஸ்திரி படியாது. கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே நல்ல சூட்டில் தேய்க்க வேண்டும். அடர்ந்த நிறங்களை உட்புறம் திருப்பித் தேய்த்தால் பளபளப்பு விழாது.

கல்லாவில் உட்கார்ந்து எண்ணெய்யும் மஞ்சளும் கைபடும் மளிகைக்காரர்கள் லினன் போடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். நாரின் மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் அழுக்கு உள்ளே இறுகாது. எண்ணெய் பட்டால் உடனே அரிசி மாவைத் தூவிச் சற்று நேரம் விட்டு, தட்டிவிட்டுச் சோப்புப் போடுங்கள். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை என்றால் சோப்புப் போட்டு அலசி, ஒரு நாள் வெயிலில் காயப் போட்டாலே வெளுத்துவிடும். ஒரு நாள் வெயில் துணியைக் கெடுக்காது. என் ஷோகேஸ் மாதிரி ஒன்றரை வருடம் காய்ந்தால்தான் ஆபத்து.

பில்லில் எழுதுங்கள்

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பொருளின் தரத்தையோ, அது எதனால் ஆனது என்பதையோ தவறாகச் சொல்லி விற்பது அதன்படி முறையற்ற வணிகம். பில் கொடுக்காமலிருப்பதும் அப்படித்தான். பழுதான சரக்கைத் திரும்ப வாங்கப் பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று எடுத்துக்கொள்வார்கள். "நான் வாங்கியபோது லினன் என்றுதான் சொன்னார்கள்" என்ற பதில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நமக்கு அதிகம் உதவாது. அதனால் மொத்த வியாபாரியிடம் வாங்கும்போதே எத்தனை பங்கு லினன், மீதி என்ன நார், எத்தனை லீ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசிக்கிறவரிடம் சரக்கு எடுக்க வேண்டாம். நம் பில்லிலும் அதையே எழுதுங்கள். 'லினன்' என்று ஒற்றை வார்த்தை போட்டு முடிக்காமல் 'லினன் 55, காட்டன் 45' என்று போட்டால் விலை கேட்டு முகம் சுளிக்கும் வாடிக்கையாளருக்கும் விளக்கம் சொல்லச் சுலபம்.

ஒரு விஷயம் கவனித்திருக்கிறேன். கலப்பு என்று சொல்லிக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள் என்று நாம்தான் பயப்படுகிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இது இந்த விலை, சுருங்கும், பத்து வருடம் உழைக்கும். இது பாதி விலை, சுருக்கம் குறைவு என்று சொன்னால் பத்தில் ஆறு பேர் கலப்பையே எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போகிறார்கள். மீதிப் பேர் சுத்த லினன் எடுப்பார்கள், அவர்கள் சுருக்கத்தைப் பற்றிப் புகார் சொல்லித் திரும்ப வருவதில்லை.

மளிகை நண்பரின் மகன் போன வாரம் என் கடைக்கு வந்திருந்தான். மொத்த வியாபாரியிடம் வாங்கிய சாம்பிள் துண்டுகளைக் கொண்டுவந்திருந்தான். ஐந்தில் இரண்டு நாக்கில் தொட்டதுமே அறுந்துவிட்டன. அவற்றைத் தள்ளிவிட்டு, முதல் சரக்காக முப்பது சட்டை எடுக்கிறான். இருபது கலப்பு, பத்து சுத்த லினன். ரேக்குக்குப் பதிலாக ஹாங்கர் கம்பி அடிக்க ஆசாரியிடம் சொல்லியிருக்கிறானாம். கடை கிழக்குப் பார்த்தது என்பதால் காலை வெயிலுக்கு ஒரு திரையும் போடச் சொல்லி அனுப்பினேன்.